மூன்றாம் டிவிஷன்

மணி இரண்டே முக்கால். எட்டுப் பேர்தான் வந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. ஹார்பர் ரயில் லைனில் மெகா பிளாக், பராமரிப்புக்காக வண்டிகள் நிறுத்தம். செம்பூரிலிருந்து வரவேண்டிய மூன்று பையன்கள் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பரேல் சேவியர் மைதானத்தின் சுவரோரம் நின்று ஒருவர் போனில் கத்துகிறார்: "ஏலே, ஆட்டோ சயான் தாண்டி வராதுன்னு தெரியாதா ஒனக்கு? சயான்ல எறங்கு. மூணு பேரும் ஒரே டாக்சியப் பிடிங்க. காசு நான் தாரேன்." போனை அணைத்தவர், சொன்ன காசு இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

கால்பந்து விதிப்படி ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆறு என்றால் எதிரணிக்கு வாக்ஓவர். எட்டு என்பது மானத்துக்கும் வாக்ஓவருக்கும் நடுவில் நிற்கிற எண். ரெஃபரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எதிரணியில் பதினேழு பேர், ஒரே நிறத்தில் டிராக்சூட்டோடு, வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கோச், ஒரு பிசியோ, விசில் வைத்திருக்கும் உதவியாளர் ஒருவர். இந்தப் பக்கம் கோச், மேனேஜர், பொருளாளர், தண்ணீர் கொடுப்பவர் எல்லாமே போனில் கத்தியவர்தான். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட பேன்ட், ரப்பர் செருப்பு, மேல்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. பையன்கள் அவரை அண்ணா என்கிறார்கள். தமிழ்ப் பையன்கள் மட்டுமல்ல, அணியில் இருக்கிற கோலிச் சமூகத்துப் பையனும், உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் இரண்டு பேரும், இந்தியில் பேசும் ரெஃபரியும்கூட.

மும்பை லீக்கின் அடித்தட்டு இது. பிரிமியர், சூப்பர், முதல், இரண்டாம் என்று படி இறங்கி வந்தால் கடைசியில் இந்த மைதானம் இருக்கும். பார்க்க வந்தவர்கள் இருபத்தைந்து பேர் இருக்கலாம். அவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆட்டத்தில் ஆட வந்தவர்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கும் என்னைத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசரமும் யாருக்கும் இல்லை.

அண்ணாவின் காலடியில் அரிசி மூட்டை அளவுக்கு உப்பிய நீலப் பை. அதிலிருந்து ஜெர்சிகள் எண் வரிசைப்படி வெளியே வருகின்றன. மஞ்சள் என்று சொல்லலாம்; ஆனால் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. 4, 5, 6 வெளுத்த மஞ்சள். 9 மட்டும் புத்தம்புதிது, தங்க மஞ்சள். எண்களில் சிலவற்றின் ஓரம் உரிந்து நிற்கிறது. ஒரு பையன் 10 கேட்டுக் கை நீட்டுகிறான். அண்ணா அவன் முகத்தைப் பார்க்காமலே 14-ஐ எடுத்துக் கொடுக்கிறார். அவனும் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். இதற்கு முன்னும் இது நடந்திருக்கிறது என்று புரிகிறது.

பிறகு பிளாஸ்டிக் ஃபைல் திறக்கிறது. ஆட்டக்காரர் பட்டியல், அடையாள அட்டைகள், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இணையப் பதிவிலிருந்து எடுத்த பிரின்ட்அவுட்டுகள். ஒரு பிறந்த தேதி சரியாகத் தெரியவில்லை என்று ரெஃபரி காகிதத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். அண்ணா இன்னொரு நகல் எடுத்து நீட்டுகிறார். அதற்கும் ஒரு நகல் உள்ளே இருக்கும்போல. தாராவியில் பல வருடம் வாழ்ந்தவர்கள் ஒரு காகிதத்தையும் ஒற்றையாக வைத்திருக்க மாட்டார்கள்.

அணி தாராவிக்காரர்களுடையது. நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கும் மாட்டுங்கா லேபர் கேம்புக்கும் இடையில் ஏதோ ஒரு சந்து. பேச்சிலிருந்து அவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடிகிறது. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும். சீமை பேச்சில் இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. பந்து காலில் இருக்கும்போது எல்லோரும் இந்திக்காரர்கள்: "பீச்சே தேக்", "ச்சோட் தே", "ஏக் டச்". பந்து போய்விட்டால் திட்டு மட்டும் தாமிரபரணித் தண்ணீர் குடித்ததாக வருகிறது. எதிரணி கோல்கீப்பர் பாவம், தன்னை என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நிற்கிறான்.

ஆட்டம் தொடங்குகிறது, எட்டுப் பேருடன்.

எட்டுப் பேர் ஆடும்போது மைதானம் பெரிதாகிவிடுகிறது. அதுவும் இவர்களுக்கு. இவர்கள் வளர்ந்தது ரிங்க் ஃபுட்பாலில். பம்பாய்க்கே உரிய ஒரு வகை அது: பள்ளி வளாகத்திலோ ஜிம்கானாவிலோ இருக்கும் சிமென்டுத் தளம், இரண்டு பக்கமும் குட்டி கோல்போஸ்ட், கேன்வாஸ் ஷூ. ஏறக்குறைய அறுநூறு ஏக்கரில் பல லட்சம் பேர் வாழும் இடத்தில் இதைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதனால் இவர்கள் காலடியில் பந்தை வைத்துக்கொண்டு ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் இரண்டு பேரை ஏமாற்றிவிடுவார்கள். ஆனால் நாற்பது கஜத்துக்கு அப்பால் ஒருவன் ஆளில்லாமல் நிற்கிறான் என்பது கண்ணில் படாது. பன்னிரண்டாவது நிமிடத்தில் முதல் கோல் விழுகிறது. இருபதில் இரண்டாவது. இரண்டும் வலது ஓரத்தில், ஆள் இல்லாத அந்த வெட்டவெளி வழியாக.

கோல்கீப்பர் பையன் நல்ல உயரம். இரண்டு கோல் வாங்கினாலும் நான்கைத் தடுத்திருக்கிறான். ஒரு பந்தை ஒற்றைக் கையில் வாரி எடுத்து, அதே வீச்சில் மைதானத்தின் பாதிக்கு எறிகிறான்.

எனக்கு இரண்டு படி கீழே ஒரு பெரியவர் பேரனோடு உட்கார்ந்திருக்கிறார். எறிந்த கையைப் பார்த்ததும் நிமிர்கிறார். "பாத்தியா, அது பாஸ்கெட்பால் கை." பேரன் தலை தூக்கவில்லை. பெரியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "எங்க மாட்டுங்காவுல பாபுன்னு ஒருத்தர் இருந்தார்..."

பாபு என்று அவர் சொல்வது எஸ்.எஸ். நாராயணை. ஒத்தப்பாலத்தில் 1934-ல் பிறந்து, மாட்டுங்காவில் வளர்ந்தவர். மகாராஷ்டிரத்துக்காகக் கூடைப்பந்தும் ஆடியவர், இந்தியாவுக்காக கோல்போஸ்டில் நின்றவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ், 1960 ரோம் ஒலிம்பிக்ஸ், இரண்டு அணியிலும் அவர் இருந்தார். மெல்போர்னுக்குப் போன இன்னொரு கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத் பக்கத்துத் தமிழர். அந்த ஒலிம்பிக்ஸில் இந்தியா நான்காவது இடம் வந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட நெவில் டிசூசாவும் பம்பாயில் ஆடியவர்தான். அவர் பெயரில் இப்போது பாந்த்ராவில் ஒரு டர்ஃப் மைதானம் இருக்கிறது. லீக் ஆட்டங்கள் சில அங்கேயும் நடக்கின்றன. நாராயண் 2021 ஆகஸ்டில் தாணேயில் காலமானார். பத்திரிகைகளில் சின்னதாகப் போட்டார்கள்.

"கூப்பரேஜ்ல பாபு நின்னா வலைக்கு வேலையே கெடையாது" என்கிறார் பெரியவர். பேரன் போனில் ஏதோ ஆட்டத்தை ஓட்டிக்கொண்டே "ம்" என்கிறான்.

இந்த நகரத்தின் கால்பந்தைப் பற்றிப் பேசினால் எப்படியும் கூப்பரேஜ் மைதானத்தில்தான் வந்து முடியும். ரோவர்ஸ் கோப்பை 1891-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் வெள்ளைக்காரப் பட்டாளங்கள் தங்களுக்குள்ளேயே ஜெயித்துக்கொண்டிருந்தன. ஓர் இந்திய அணி அதை எடுக்க 1937 வரை ஆனது: பெங்களூர் முஸ்லிம்ஸ். நகரத்துக்குள் 1902-லிருந்து ஹார்வுட் லீக். சுதந்திரத்துக்குப் பிறகு கம்பெனிகளின் காலம். டாட்டா, கால்டெக்ஸ், பர்மா ஷெல், மஃபத்லால், மஹிந்திரா, ஏர் இந்தியா, ஆர்கே மில்ஸ், ரயில்வேக்கள், வங்கிகள். செம்பூரில் உரம் செய்யும் ஆர்.சி.எஃப். 1958-ல் கால்டெக்ஸ் ரோவர்ஸ் கோப்பையையே எடுத்தது. நாராயண் ஆடிய அணி அது.

சந்து கிளப்புகளுக்கு அப்போது ஒரு வேலை இருந்தது, ஆள் வளர்த்துக் கொடுப்பது. ஒரு பையன் நன்றாக ஆடினால் கம்பெனிக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கிளப்புக்கு அதில் நஷ்டம்தான். ஆனால் தெருவில் இனிப்பு கொடுப்பார்கள். நிரந்தர வேலை, பி.எஃப்., மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பயிற்சிக்குப் போக அனுமதி. கால்பந்து என்பது ஒரு வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்து சேருகிற வழியாக இருந்தது. அந்த ஆசையில்தான் அப்பாக்கள் பையன்களை மைதானத்துக்கு அனுப்பினார்கள்.

பிறகு கம்பெனி அணிகள் ஒவ்வொன்றாகப் போயின. கால்டெக்ஸ் 1976-ல் அரசுடைமையாகி, 1978-ல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்துக்குள் கரைந்தது. கோப்பையை எடுத்த பெயரே அத்தோடு போய்விட்டது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதே பரேலில்தான் அதன் நெஞ்சுப்பகுதி. இப்போது கோல்போஸ்டுக்கு மேலே பார்த்தால் புகைபோக்கிக்குப் பதில் கண்ணாடிக் கோபுரங்கள். மஹிந்திரா யுனைடெட் 2005-06-ல் தேசிய லீக்கையே ஜெயித்தது. நாலே வருடத்தில், 2010-ல், அணியைக் கலைக்கிறோம் என்று ஒரு அறிவிப்பு. ரோவர்ஸ் கோப்பையும் 2000-2001 சீசனோடு நின்றுபோனது. 2007-ல் தொடங்கிய மும்பை எஃப்.சி. ஐ-லீக்கில் ஒன்பது சீசன் ஆடி, கீழே இறங்கியதும் கடையைக் கட்டியது.

இந்த மஞ்சள் ஜெர்சிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீரம் என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி அணியை ஓர் இயக்குநர் குழுக் கூட்டத்தில், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மூடிவிடலாம். இவர்களை எதை வைத்து மூடுவது? மைதானம் இல்லை, ஆபீஸ் இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. ஒரு பை இருக்கிறது. பையைத் தூக்க ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு முன்னால் இன்னோர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

முப்பத்தோராவது நிமிடத்தில் கேட் பக்கம் கூச்சல். செம்பூர்ப் பையன்கள் மூன்று பேரும் ஓடி வருகிறார்கள். அண்ணா பேசவில்லை, திட்டவில்லை; சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து, கேட்டில் நிற்கும் டாக்சிக்காரருக்குக் கொடுக்க ஒரு சின்னப் பையனை அனுப்புகிறார். மூவரில் ஒருவன் ஸ்விக்கி பனியனோடு வந்திருக்கிறான். அதைக் கழற்றிவிட்டு 9-ஐ மாட்டிக்கொள்கிறான். புது ஜெர்சி யாருக்காக வாங்கப்பட்டது என்று இப்போது தெரிகிறது. பட்டியலில் பெயர் இருப்பதால் தாமதமாக வந்தாலும் ரெஃபரி சைகை காட்டினால் உள்ளே போகலாம். சைகை கிடைக்கிறது.

உள்ளே போன மூன்றாவது நிமிடத்தில் 9 ஒரு கோல் போடுகிறான்.

சொல்லும்படியான கோல்தான். நடுவிலிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழும் முன் திரும்பி, இடது காலால் கோல்கீப்பருக்கும் கம்பத்துக்கும் இடையில். அந்தத் திரும்பல் ரிங்க்கில் படித்தது. சுவருக்கும் எதிராளிக்கும் நடுவில் ஓர் அடி இடம்தான் இருக்கும், அங்கே இப்படித்தான் திரும்ப முடியும். எதிரணி பிசியோகூடத் தன்னை மறந்து கை தட்டிவிட்டு, சட்டென்று கையை இறக்கிக்கொள்கிறார். அண்ணா கை தட்டவில்லை. நோட்டில் ஏதோ எழுதுகிறார்.

இடைவேளை. வெட்டிய ஆரஞ்சு, ஒரு டப்பா குளுக்கோஸ், எல்லோருக்கும் பொதுவாக ஒரே சொம்பு. பையன்களில் ஒருவன் போனில் எதையோ காட்டி விளக்குகிறான். ரெக்ஸம் பற்றிய தொடர். வேல்ஸில் இருக்கிற சின்ன ஊர், 1864-ல் தொடங்கிய கிளப்; இரண்டு சினிமா நடிகர்கள் 2021-ல் அதை வாங்கினார்கள், 2023, 24, 25 என்று வரிசையாக மூன்று முறை மேல் டிவிஷனுக்கு ஏறினார்கள். "நம்மளயும் யாராச்சும் வாங்குனா?" என்கிறான் அவன். "ரஜினி வாங்குவாருலே, தாராவிக்குத்தான் படம் எடுத்தாரே" என்கிறான் இன்னொருவன். சிரிப்பு. கேலிதான், ஆனால் ஆதாரம் இல்லாத கேலி இல்லை. மும்பை சிட்டி கால்பந்து அணி 2014-ல் தொடங்கியபோது ரன்பீர் கபூர் பங்குதாரர்.

அந்தத் தொடரைப் பார்க்கிறவர்கள் நடிகர்களைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த ஊரைப் பற்றி நினைவில் நிற்பது வேறு. ரெக்ஸமை ஒட்டிய கிரெஸ்ஃபோர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 1934 செப்டம்பர் 22, சனிக்கிழமை அதிகாலை வெடிப்பு. 266 பேர் செத்தார்கள். மத்தியானம் ரெக்ஸம் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு இரவில் இறங்கியவர்கள் அவர்களில் பலர். கிளப் என்றால் அங்கேயும் முதலில் இதுதான்: உழைக்கிறவன் வாரத்தில் தனக்கென்று திருடிக்கொண்ட ஒரு மத்தியானம். அங்கே அதையெல்லாம் யாரோ எழுதிவைத்தார்கள். எந்த வருடம் யார் கோல் போட்டது, எந்த ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது வரை. கிளப் புத்தகத்தில் இல்லாவிட்டால் உள்ளூர்ப் பத்திரிகையில் இருக்கும்.

இங்கே அது ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். அண்ணா யாரிடமோ போனில் சொல்வது காதில் விழுகிறது. தையற்கடைக்கு மேலே பரணில் பெட்டி. பழைய ஷீல்டுகள், குரூப் போட்டோக்கள், ரசீதுப் புத்தகங்கள். தாராவி மறுகட்டமைப்புக்கு 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். தரைத்தளத்தில் 2000-க்கு முன்பிருந்தே குடியிருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி. மேல்மாடிக்காரர்களுக்கு தாராவிக்கு வெளியே, தவணை முறையில். பரணில் குடியிருக்கும் பெட்டிக்கு எந்தப் பிரிவு? "அவன் வந்து, இது என்ன யூனிட், வீடா கடையான்னு கேக்கான். கிளப்புன்னேன். அப்படி ஒரு கட்டம் ஃபார்ம்ல இல்லைங்கான்." மறுமுனையில் என்ன பதிலோ, அண்ணா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஒங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில எடமிருக்குமா?" என்கிறார்.

இரண்டாம் பாதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதினோரு பேரும் இருந்தும் மூச்சு இல்லை. எட்டுப் பேரும் முதல் அரை மணி ஓடியதற்கு இப்போது வட்டி கட்டுகிறார்கள். 14 போட்ட பையன் ஒரு நல்ல பந்தை மேலே அடித்துவிட்டு, 10 போட்டிருந்தால் போயிருக்கும் என்கிற மாதிரி அண்ணாவைப் பார்க்கிறான். அண்ணா வேறெங்கோ பார்க்கிறார். எழுபதாவது நிமிடத்தில் கார்னரிலிருந்து மூன்றாவது கோல் விழுகிறது. உயரமான கோல்கீப்பரின் விரல் பட்டும் போய்விட்டது. அவன் தரையை ஓங்கி அடிக்கிறான். பெரியவர் படிக்கட்டிலிருந்து, யாருக்கும் கேட்காத குரலில், "முன்னால வரணும்டா, முன்னால வரணும்" என்கிறார். பேரன் இப்போது போனைப் பைக்குள் வைத்துவிட்டு கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

3-1. நீண்ட விசில். கைகுலுக்கல்கள். எதிரணி கோச் வந்து அண்ணாவின் தோளில் கை போட்டு 9-ஐக் காட்டி ஏதோ கேட்கிறார். எந்த காலேஜ், என்ன வயது என்பதாக இருக்கும். அண்ணா எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். பையனைக் கொடுக்க மனசில்லாத முகமில்லை அது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற அக்கறை. கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார், இந்தியில்: வேலை ஏதாவது போட்டுத் தருவீர்களா? கோச் கையை விரிக்கிறார். டிராவல் அலவன்ஸ் உண்டு, பூட்ஸ் உண்டு. வேலை எங்கே?

அண்ணா தலையாட்டிவிட்டு ஜெர்சிகளைத் திரும்ப வாங்க ஆரம்பிக்கிறார். ஒவ்வொன்றையும் உதறி, எண்ணைப் பார்த்து, நோட்டில் டிக் அடித்துப் பைக்குள் போடுகிறார். 14 வந்தாயிற்று. கோல்கீப்பர் சட்டை வந்தாயிற்று. 9 இல்லை. இருந்த இடத்தில் பையனும் இல்லை.

போன் போகிறது. இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுக்கிறான். ஸ்பீக்கரில் வண்டிச் சத்தம். "அண்ணா, ஆர்டர் வந்துட்டு. மேலேயே பனியனப் போட்டுட்டு வந்துட்டேன். தாதர்கிட்ட இருக்கேன்."

"ஒருத்தர் ஒன்னப் பத்தி வெசாரிச்சார்லே."

"என்ன வேலண்ணா?"

"வேலை இல்லை. ஆடுறதுக்கு."

வண்டிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். "ராத்திரி பேசுவோம்ணா. ஜெர்சிய நாளைக்குத் தாரேன்."

"தொவச்சுத் தா. கையால தொவை. மிஷின்ல போட்டேன்னா நம்பர் உரிஞ்சிரும், சொல்லிட்டேன்."